சுழி என்று எழுதுமுன்: இலேசான அணுக்கருக்களின் நியூட்ரான் வினைகளை மதிப்பிடுதல்

(கம்மாபுரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறிவியல் மேடைகளில் புதியதைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர்கள் அளந்து தந்த எண்களில் எதை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராய்ந்து முடிவு சொல்பவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அணுக்கருத் தரவு மதிப்பீட்டாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஓர் அணு உலையின் பாதுகாப்புக் கணக்கும், ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் கணக்கும் கடைசியில் அவர்கள் கையெழுத்திட்ட எண்களின்மேல்தான் நிற்கின்றன. அந்தப் பணியின் ஒரு கிளையை, அதாவது ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம், போரான், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்கருக்கள் நியூட்ரானோடு புரியும் வினைகளை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதை, இன்று உங்கள்முன் விளக்க விரும்புகிறேன். இதில் நான் வலியுறுத்த வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பொருளைப் பற்றி நமக்குத் தெரியாதிருப்பதைச் சுழி என்று அட்டவணையில் எழுதிவிடக் கூடாது.

துளைக்குள் ஒரு நியூட்ரான்

இந்த மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பொருள் வெளிவந்த வரலாறு இங்குள்ள வீடுகளுக்கெல்லாம் தெரியும். பொருள் இருக்கிறது என்று அறிவது முதல் படி. அது எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பருமனில், எவ்வளவு ஈரத்தோடு கிடக்கிறது என்று சொல்வது அடுத்த படி. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1961 ஆகஸ்டில் முதல் சுரங்கத்தில் நிலக்கரிப் படுகையைத் தொட்டது வரை நடந்த உழைப்பில் பெரும்பகுதி அந்த இரண்டாம் படிக்கானது. படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை அளந்து இறைக்காமல் இங்கே ஒரு சுரங்கத்தையும் வெட்டியிருக்க முடியாது.

நிலக்கரி, எண்ணெய், நிலத்தடி நீர் ஆய்வுகளில் துளைக்குள் இறக்கும் கருவிகளில் நியூட்ரான் கருவியும் ஒன்று. அதனுள் அமெரிசியமும் பெரிலியமும் கலந்த ஒரு சிறு மூலம் இருக்கும். அமெரிசியம் விடும் ஆல்பா துகள் பெரிலியம்-9 கருவில் மோதி நியூட்ரானை வெளியேற்றுகிறது. 1932இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானை இனம்கண்டதும் பெரிலியத்தின் இதே வினையைக் கொண்டுதான். வெளியேறிய வேக நியூட்ரான் சுற்றியுள்ள மண்ணில் மோதி மோதித் தணிகிறது. ஹைட்ரஜன் கருவின் நிறையும் நியூட்ரானின் நிறையும் ஏறத்தாழச் சமம் என்பதால் ஒரு மோதலிலேயே சராசரியாகப் பாதி ஆற்றல் போய்விடும். 2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு புறப்பட்ட நியூட்ரான் அறை வெப்பநிலைக்கு இறங்க ஹைட்ரஜனோடு ஏறத்தாழ 18 மோதல்கள் போதும். கார்பன் மட்டும் இருந்தால் நூறுக்கும் மேல் வேண்டும். தணிந்து திரும்பும் நியூட்ரான்களை ஹீலியம்-3 அல்லது போரான் நிரப்பிய உணர்கருவி எண்ணுகிறது.

ஆக, நியூட்ரானைப் பிறப்பிப்பது பெரிலியம், தணிப்பது ஹைட்ரஜன், பிடிப்பது ஹீலியம் அல்லது போரான். எல்லாமே இலேசான அணுக்கருக்கள். இவற்றின் வினை அளவுகள் சரியாகத் தெரிந்தால்தான் கருவி காட்டும் எண்ணுக்குப் பொருள் உண்டு. அப்போதும் அந்த எண்ணைத் தனியாக வைத்து முடிவு சொல்ல இயலாது. நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். ஈரக் களிமண்ணிலும் நீர் உண்டு. நிலக்கரியின் சேர்மங்களிலேயே ஹைட்ரஜன் உண்டு. கருவி ஹைட்ரஜனைக் காட்டுமே தவிர, அது நிலக்கரியில் இருக்கிறதா களிமண்ணில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. அடர்த்தியை அளக்கும் இன்னொரு கருவியின் சான்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். அளவீடு ஒன்று, அதிலிருந்து எடுக்கும் தீர்ப்பு வேறொன்று என்பது இந்தத் துளைக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது.

ஒரே கரு, இரண்டு முகம்

ஒரு நியூட்ரான் ஒரு கருவைச் சந்திக்கும்போது குறிப்பிட்ட வினை நிகழும் வாய்ப்பை ஒரு பரப்பாகச் சொல்வது வழக்கம். அதுவே வினைக் குறுக்குப் பரப்பு. அதன் அலகு பார்ன். ஒரு பார்ன் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரை 10-இன் 24ஆம் அடுக்கால் வகுத்தால் கிடைப்பது. பரப்பு என்று சொன்னாலும் இது கருவின் உருவ அளவன்று. நியூட்ரானின் ஆற்றல் மாறினால் இதுவும் மாறும்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இயற்கைப் போரானில் ஏறத்தாழ 20 விழுக்காடு போரான்-10. அது நியூட்ரானை விழுங்கி ஆல்பா துகளாகவும் லித்தியம்-7 ஆகவும் பிளக்கிறது. மெதுவான வெப்ப நியூட்ரானுக்கு இந்த வினையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 3840 பார்ன். கூடங்குளத்தில் உள்ளவை மெதுவான நியூட்ரான்களால் இயங்கும் உலைகள். அங்கே குளிர்விக்கும் நீரிலேயே போரிக் அமிலத்தைக் கரைத்து வினையை மட்டுப்படுத்துகிறார்கள். அந்த நீரில் உள்ள இயற்கைப் போரானே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

கல்பாக்கத்துக்கு வாருங்கள். 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினை தொடங்கிய அதிவேகச் சோதனை உலையில் நியூட்ரான்களைத் தணிப்பதே இல்லை. நியூட்ரானின் வேகம் கூடக்கூட, அந்த வேகத்துக்கு எதிர்விகிதத்தில் போரானின் குறுக்குப் பரப்பு சுருங்குகிறது. ஒரு லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அது ஏறத்தாழ 2 பார்ன்தான். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் அந்த உலையின் கட்டுப்படுத்தும் கழிகளில் 90 விழுக்காடு வரை போரான்-10 செறிவூட்டிய போரான் கார்பைடைப் பயன்படுத்துகிறார்கள். 2024 மார்ச்சில் உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையிலும் செறிவூட்டிய போரான் கார்பைடுதான். இதற்காகப் போரானைச் செறிவூட்டும் தொழில்நுட்பத்தை நம் நாட்டிலேயே வளர்த்தெடுத்தோம்.

கழி உலைக்குள் இறங்கினால் தொடர்வினை நிற்க வேண்டும். எத்தனை கழிகள், எவ்வளவு செறிவு என்று வடிவமைப்பாளர் கணக்கிடும்போது அவருக்கு இரண்டு எண்கள் தேவை. ஒன்று குறுக்குப் பரப்பு. மற்றது அதன் ஐயப்பாடு, அதாவது அந்த எண் எவ்வளவு பிசகியிருக்கக்கூடும் என்ற அளவு. இரண்டாவது எண் இல்லையென்றால் எவ்வளவு இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும் என்பதற்கு அடிப்படையே இல்லை. மேலும், போரான் விழுங்கும் ஒவ்வொரு நியூட்ரானுக்கும் ஒரு ஹீலியம் அணு பிறந்து போரான் கார்பைடு வில்லைக்குள் தங்குகிறது. வில்லை ஊதுகிறது, விரிசல் விடுகிறது. ஆற்றல் மிகுந்த நியூட்ரான்கள் போரானை இரண்டு ஆல்பா துகளாகவும் ஹைட்ரஜனின் கனமான வடிவமான ஒரு டிரிட்டியமாகவும் உடைக்கும் சிறிய கிளைவினையும் உண்டு. அந்தக் கிளையின் அளவு தெரிந்தால்தான் சோடியக் குளிர்விப்பானில் சேரும் டிரிட்டியத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும். சிறியது என்பதற்காக அந்தக் கிளையை விட்டுவிட முடியாது.

அளப்பதும் மதிப்பிடுவதும்

குறுக்குப் பரப்பை ஆய்வகத்தில் அளந்தால் வேலை முடிந்தது, அதற்குமேல் மதிப்பீடு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

ஒரே வினையை ஐந்து நாடுகளில் பத்துக் குழுக்கள் அளக்கின்றன. பத்து விடைகளும் ஒன்றாக இருப்பதில்லை. மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கட்டுரையையும் எடுத்துப் படிக்கிறார். மாதிரிப் பொருள் எவ்வளவு தடிமன்? அதில் ஐசோடோப்புகளின் விகிதத்தை யார் சோதித்தார்கள்? நியூட்ரான் எண்ணிக்கையை எந்த வினையோடு ஒப்பிட்டார்கள்? சுவரில் மோதித் திரும்பிய நியூட்ரான்களைக் கழித்தார்களா? அன்று ஒப்பிட்ட வினையின் அளவு பின்னாளில் திருத்தப்பட்டிருந்தால், இந்த அளவையும் அதற்கேற்பத் திருத்துகிறார். சில அளவுகளுக்கு எடை கூட்டுகிறார், சிலவற்றைக் காரணம் எழுதி ஒதுக்குகிறார். கோட்பாட்டோடு பொருத்துகிறார். கடைசியில் உண்மையான உலைகளிலும் சோதனை அமைப்புகளிலும் கிடைத்த முடிவுகளோடு ஒத்துப்பார்க்கிறார்.

இவற்றுள் ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் ஒரு நிலத்தை மூன்று பேர் தனித்தனியே அளந்து ஒரே பரப்பைச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். மூவரும் பயன்படுத்தியது நீண்டுபோன ஒரே சங்கிலி என்றால் அவர்களுடைய ஒற்றுமைக்கு என்ன மதிப்பு? மூன்று சாட்சி என்று எண்ணினால் தவறு. சங்கிலியின் பிசகைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரே சாட்சிதான். அணுக்கரு அளவீடுகளிலும் பல குழுக்கள் ஒரே தர வினையையோ ஒரே வகை உணர்கருவியையோ நம்பியிருக்கும். அவற்றின் பிழைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. இந்தப் பிணைப்பையும் எண்களாக்கி எழுதினால்தான் மதிப்பீடு முழுமை பெறும்.

இது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு, ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ராபர்ட் பீல் 1987இல் முன்வைத்த புதிர் ஒன்று இன்றும் பாடமாக இருக்கிறது. ஒரே அளவுக்கு இரண்டு அளவீடுகள், 1.5 என்றும் 1.0 என்றும். ஒவ்வொன்றுக்கும் தனியாக 10 விழுக்காடு பிழை. இரண்டுக்கும் பொதுவாக 20 விழுக்காடு பிழை. வழக்கமான மீச்சிறு இருபடி முறையில் சராசரி எடுத்தால் 0.88 வருகிறது. இரண்டு அளவுகளுக்கும் கீழே ஒரு விடை! கணக்கில் எந்தத் தவறும் இல்லை. பொதுப் பிழையை அந்தந்த அளவின் விழுக்காடாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். சூத்திரத்தைப் பிழையின்றிப் போட்டாலும், பிழை எங்கிருந்து பிறந்தது என்று சிந்திக்காதவருக்கு விடை பிசகும்.

சிறியது எளியதன்று

யுரேனியத்தில் 200-க்கும் மேற்பட்ட துகள்கள். லித்தியம்-6இல் ஆறே ஆறு. எனவே இலேசான கரு எளிதில் கணக்கிடக் கூடியது என்று தோன்றும். நடைமுறை வேறு. கனமான கருவில் ஆற்றல் நிலைகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால், போதிய ஆற்றலில் சராசரி எடுத்துப் புள்ளியியல் மாதிரிகளால் நன்றாகவே கணிக்க முடிகிறது. இலேசான கருவில் நிலைகள் குறைவு, அகலமானவை, ஒன்றோடொன்று குறுக்கிடுபவை. சராசரி எடுக்க இடமில்லை. ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே கையாள வேண்டும்.

லித்தியம்-6 நியூட்ரானை ஏற்று டிரிட்டியமாகவும் ஆல்பாவாகவும் பிரியும் வினையைப் பாருங்கள். வெப்ப நியூட்ரானுக்கு 940 பார்ன். ஆற்றல் கூடக்கூடச் சீராக இறங்கிவரும் வளைகோடு, 240 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் அருகே திடீரென ஏறி ஏறத்தாழ 3 பார்ன் உயரத்துக்கு ஒரு முகடாகிறது. லித்தியம்-7இன் ஓர் உள் ஆற்றல் நிலையோடு ஏற்படும் ஒத்ததிர்வு அது. இந்த முகட்டின் உயரத்தையும் இடத்தையும் துல்லியமாக அளப்பது கடினம். லித்தியம் கலந்த கண்ணாடியை உணர்கருவியாக வைத்தால், நியூட்ரான் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே பலமுறை சிதறிப் பிறகு வினைபுரிகிறது. கண்ணாடியில் உள்ள ஆக்சிஜனுக்கும் 440 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு முகடு உண்டு. அளக்கும் கருவியின் இயல்பே அளவைக் கலங்கடிக்கிறது.

இங்கேதான் கோட்பாடு கைகொடுக்கிறது. விக்னரும் ஐசன்பட்டும் 1947இல் முழுமையாக வகுத்த ஆர்-அணி முறை ஒரு கண்டிப்பான விதியைக் கொண்டது. உள்ளே போன நியூட்ரான் ஏதாவதொரு வழியில் வெளியே வந்தாக வேண்டும், எல்லா வழிகளின் வாய்ப்புகளும் கூடி முழுமை ஆக வேண்டும். நியூட்ரானும் லித்தியம்-6உம் சேர்ந்தால் இடையில் உருவாவது லித்தியம்-7. டிரிட்டியமும் ஆல்பாவும் மோதினாலும் அதே லித்தியம்-7தான். ஆகவே நியூட்ரானே இல்லாத ஓர் ஆய்வகத்தில், டிரிட்டியத்தை ஆல்பா மேல் செலுத்தி எடுத்த அளவுகளும் இந்த மதிப்பீட்டுக்குச் சான்றாகின்றன. போரான்-10க்கும் அப்படியே. ஆல்பாவை லித்தியம்-7 மேல் செலுத்திய அளவுகள் அதே போரான்-11 கூட்டுக்கருவைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு வழியின் எண்ணை நம் விருப்பத்துக்கு உயர்த்தினால் மற்ற வழிகளின் எண்கள் உடனே மறுப்புச் சொல்லும். லாஸ் அலமோஸில் ஜெரால்ட் ஹேல் முதலியோர் பல பத்தாண்டுகள் உழைத்துச் செம்மைப்படுத்திய முறை இது.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத வழக்குகள் உண்டு. ஆக்சிஜன்-16 நியூட்ரானை ஏற்று ஆல்பாவை விடும் வினையில் வெவ்வேறு அளவீடுகள் 30 விழுக்காடு வரை வேறுபட்டு நின்றன. நீரிலும் உலை எரிபொருளிலும் ஆக்சிஜன் இருக்கிறதே! ஹைட்ரஜன், ஆக்சிஜன், இரும்பு, யுரேனியம், புளூட்டோனியம் ஆகியவற்றின் முக்கிய ஐசோடோப்புகளைப் பன்னாட்டு அறிஞர்கள் ஒன்றுகூடி மறுமதிப்பீடு செய்த சீலோ திட்டம் இதையும் கையில் எடுத்தது. அதன் பலன்கள் 2018இல் வெளியான அமெரிக்கத் தரவுத் தொகுப்பில் இடம்பெற்றன. அதே காலத்தில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் தர மதிப்பீட்டுக் குழு இன்னொரு முடிவையும் எடுத்தது. எல்லா அளவீடுகளையும் சேர்த்தால் பிழை மிகச் சிறியதாகத் தெரிகிறது. ஆனால் யார் கண்ணிலும் படாத பொதுப் பிழை எஞ்சியிருக்கக்கூடும். எனவே ஐயப்பாட்டைக் கூட்டி எழுதினார்கள். யுரேனியம்-235 பிளவுக்கு அப்படிச் சேர்த்தது 1.2 விழுக்காடு. தம் உழைப்பின் துல்லியத்தைத் தாமே குறைத்து எழுத மனத்திண்மை வேண்டும். அந்தப் பண்பை நான் வணங்குகிறேன்.

1954 மார்ச் 1

இந்தக் கவனம் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு வரலாறு ஒரு கொடிய சான்றை வைத்திருக்கிறது. பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா அன்று வெடித்த ஹைட்ரஜன் குண்டின் எரிபொருளில் லித்தியம்-6 ஏறத்தாழ 40 விழுக்காடு. மீதி லித்தியம்-7. கணக்கில் வேலை செய்தது லித்தியம்-6 மட்டும். லித்தியம்-7 சும்மா இருக்கும் என்று கொண்டார்கள். ஆனால் ஏறத்தாழ 2.8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான் பட்டால் லித்தியம்-7உம் உடைந்து டிரிட்டியத்தைத் தரும், இன்னொரு நியூட்ரானையும் விடும். ஏறத்தாழ 6 மெகாடன் என்று எதிர்பார்த்த வெடிப்பு 15 மெகாடனாக வெடித்தது. ரோங்கலாப் தீவு மக்கள்மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுள் ஐகிச்சி குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

அப்படியொரு குண்டைச் செய்ததே மனித குலத்துக்கு எதிரானது என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தீமைக்குள் இருந்த அறிவியல் பிழையையும் நாம் படிக்க வேண்டும். லித்தியம்-7இன் பங்குக்கு நேரே சுழி இருந்தது. அளந்து பார்த்துச் சுழி என்று கண்டு எழுதிய சுழியன்று அது. எண்ணிப் பார்க்காததால் விழுந்த சுழி. அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்டுவதே மதிப்பீட்டாளரின் கடமை.

அதே வினை நாளை நன்மைக்கும் பயன்படும். அணுக்கரு இணைவு உலைகள் தமக்கு வேண்டிய டிரிட்டியத்தை லித்தியத்திலிருந்தே விளைவிக்க வேண்டும். குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான லித்தியப் போர்வைகளில் உழைத்துவருகிறது. ஒரு நியூட்ரானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டிரிட்டியம் விளையுமா என்ற கேள்வியில், சில விழுக்காடு பிசகினாலும் உலை தன் காலில் நிற்காது.

நாம் செய்யக்கூடியது

இது பெரிய நாடுகளின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். கல்பாக்கத்தில் 1996 அக்டோபர் 29 அன்று இயங்கத் தொடங்கிய காமினி உலை 30 கிலோவாட் அளவுள்ள சிறிய உலை. தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233 அதன் எரிபொருள். தப்பியோடும் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்புவது பெரிலியம் ஆக்சைடு. இலேசான கருவின் வினை அளவுகளை நம் மண்ணிலேயே சரிபார்க்க அப்படி ஓர் உலை இருக்கிறது. மும்பையில் உள்ள பெலட்ரான் முடுக்கியில் புரோட்டான்களை லித்தியம்-7 மேல் செலுத்தி நியூட்ரான் உண்டாக்கி, நம் பல்கலைக்கழக மாணவர்கள் குறுக்குப் பரப்புகளை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

உலகில் எடுத்த அளவீடுகளை எல்லாம் திரட்டிவைக்கும் எக்ஸ்ஃபார் தொகுப்பில் 20,000-க்கும் மேற்பட்ட பரிசோதனைகள் உள்ளன. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்தத் தொகுப்பை நடத்தும் பன்னாட்டு வலையமைப்பில் இந்திய அணுக்கருத் தரவு மையமும் உறுப்பு. கல்பாக்கத்திலும் வியன்னாவிலும் டிராம்பேயிலும் பணியாற்றிய எஸ். கணேசன் இதற்காகப் பல்லாண்டுகள் பாடுபட்டார். 2006 முதல் நம் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களையும் ஆய்வு மாணவர்களையும் பயிலரங்குகளுக்கு அழைத்து, இந்திய அளவீடுகளைத் தொகுப்பில் சேர்க்கும் முறை வளர்ந்தது. விருத்தாசலத்திலோ சிதம்பரத்திலோ இயற்பியல் படிக்கும் ஒரு மாணவி, கையில் ஒரு கணினியும் குவாண்டம் இயக்கவியலும் புள்ளியியலும் இருந்தால், இந்தப் பணிக்குள் நுழைய முடியும். பெரிய முடுக்கி அவர் ஊரில் இருக்க வேண்டியதில்லை. பிறர் அளவீட்டைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் வேண்டும், கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மை வேண்டும்.

அந்த நேர்மையைப் பள்ளி ஆய்வகத்திலேயே பயிற்றலாம். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்தை மாணவர் 9.4 என்று கண்டுவிட்டு, 9.8 வந்தால்தான் மதிப்பெண் என்ற அச்சத்தில் அளவுகளைத் திருத்தி எழுதும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்களிடம் நான் கேட்பது இதுதான். 9.4 என்று எழுதி, அதன் அருகே ஐயப்பாட்டையும் எழுதி, நூலின் நீளத்தை அளந்ததில் பிசகு இருக்கலாம் என்று காரணமும் சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்க எண்ணினால், திருத்தாத செய்முறைக் குறிப்பேட்டுக்கு அதை வழங்கலாம் என்பது என் பணிவான பரிந்துரை. உலையின் கட்டுப்படுத்தும் கழியைக் கணக்கிடப்போகிறவர் இன்று ஏதோ ஒரு பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறார். தெரியாததைத் தெரியாது என்று எழுதியதற்காக அவர் மதிப்பெண் இழக்கக் கூடாது.